7ஆம் வகுப்புப் பையன் படிக்க உட்காரவே மாட்டேன் என்கிறான்: ஆர்வத்தைத் தேடும் முன் விடைத்தாளைப் பாருங்கள்

நீங்கள் கேட்டதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 5ஆம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பையன் 7ஆம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் சரிந்துவிட்டான். சொன்னால்தான் புத்தகத்தை எடுக்கிறான், எடுத்தாலும் மனசு அதில் இல்லை, சில நாள் உட்கார்ந்து படித்தும் மார்க் வரவில்லை. திட்டிப் பார்த்தாயிற்று, நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள் என்று சொல்லிப் பார்த்தாயிற்று, போனைப் பிடுங்கி வைத்தாயிற்று, டியூஷனுக்கும் அனுப்பியாயிற்று. "எதுக்குப் படிக்கணும்?" என்று திருப்பிக் கேட்கிறான். அவனுக்குப் படிப்பில் ஆர்வத்தை எப்படி உண்டாக்குவது என்பது உங்கள் கேள்வி. நீங்கள் எழுதிய விவரங்களைப் பார்த்தால் அதற்குள் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவன் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டு விலகினான்? இனி அவன் படிப்பு யார் பொறுப்பு? இந்த இரண்டுக்கும் வழி செய்யாமல் ஆர்வத்தை மட்டும் தனியாகக் கொண்டுவர முடியாது. கல்வி உளவியல் படித்து, இந்த வயதுப் பிள்ளைகளோடும் அவர்கள் பெற்றோரோடும் பல வருடமாக வேலை செய்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பையனை நேரில் பார்க்காததால், சில இடங்களில் "இப்படி என்றால் இதைச் செய்யுங்கள்" என்ற அளவில்தான் சொல்ல முடியும்.

ஒரு விஷயத்தில் கொஞ்சம் ஆறுதல் கொள்ளலாம். 11 முதல் 14 வயதுக்குள் பாடங்களில் இருக்கும் ஈடுபாடு சராசரியாகக் குறைகிறது என்பது திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட ஒன்று. ஒரே ஆசிரியர் போய்ப் பாடத்துக்கு ஒருவர் வருகிறார், மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடுவது கூடுகிறது, அதே சமயம் தன் விஷயத்தைத் தானே முடிவு செய்ய வேண்டும் என்ற வேகமும் வருகிறது. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் பல பத்தாண்டுகளாக வளர்த்த கோட்பாடு ஒன்று உண்டு. மனிதர்கள் ஒரு வேலையில் தாமாக ஈடுபட மூன்று உணர்வுகள் வேண்டும் என்கிறது அது: என்னால் முடிகிறது, நானே விரும்பிச் செய்கிறேன், என்னை மதிக்கிறவர்களோடு இருக்கிறேன். நீங்கள் இதுவரை செய்து பார்த்த நான்கையும் இந்த மூன்றோடு வைத்துப் பாருங்கள். திட்டுவது, பரிசு காட்டுவது, போனைப் பிடுங்குவது ஆகிய மூன்றும் இரண்டாவது உணர்வைக் குறைக்கின்றன. டியூஷன் முதலாவதைக் கூட்டலாம், ஆனால் அவன் சிக்கிய இடத்தை யாராவது கண்டுபிடித்திருந்தால் மட்டும்.

அதற்கும் முன்னால் உடல் சார்ந்த காரணங்களை ஒதுக்கிவிடுங்கள். கண் பரிசோதனை, தேவைப்பட்டால் காது பரிசோதனை. இந்த வயதில் கிட்டப்பார்வை சத்தமில்லாமல் கூடும். கரும்பலகை மங்கலாகத் தெரிவது பையனுக்கே தெரியாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பான். அடுத்து, அவன் இதுவரை பார்க்காத ஒரு பத்தியை, அவன் வகுப்பு நிலையிலேயே, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வார்த்தைகளைத் தடவித் தடவி வாசிக்கிறானா, வரியைத் தாவுகிறானா, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறானா என்று கவனியுங்கள். 5ஆம் வகுப்பு வரை நல்ல ஞாபக சக்தியை வைத்தே சமாளித்த வாசிப்புக் குறைபாடு, பாடப்புத்தகம் தடிக்கும்போதுதான் வெளியே வரும். அப்படி ஏதாவது தென்பட்டால் வீட்டிலேயே பெயர் சூட்டாமல், சிறப்புக் கல்வி தெரிந்த ஒருவரிடம் முறையான மதிப்பீடு செய்துகொள்ளுங்கள்.

இப்போது விடைத்தாள். கடைசியாக நடந்த இரண்டு கணக்குத் தேர்வுத் தாள்களை எடுத்து, மொத்த மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, தவறுகளை மட்டும் மூன்று வகையாகப் பிரியுங்கள். எதுவும் எழுதாமல் விட்டவை ஒரு வகை. எழுதி, வழியில் தப்பியவை இன்னொன்று. வழி சரியாக இருந்து கூட்டலிலோ குறியிலோ நேரத்திலோ போனவை மூன்றாவது. பெற்றோர் பெரும்பாலும் எல்லாவற்றையும் "கவனக்குறைவு" என்று மூன்றாவதில் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் தகவல் இருப்பது இரண்டாவதில்தான். ஒரு உதாரணம்: ½ + ⅓ என்ற கணக்குக்குப் பையன் ⅖ என்று எழுதியிருக்கிறான். மேலே இருப்பதோடு மேலே, கீழே இருப்பதோடு கீழே கூட்டிவிட்டான். இதைக் கவனக்குறைவு என்று விட்டுவிடாதீர்கள். பின்னம் என்பது ஒரு அளவு என்றே அவன் மனதில் பதியவில்லை, கோட்டுக்கு மேலும் கீழும் எழுதிய இரண்டு தனி எண்களாகத்தான் அதைப் பார்க்கிறான் என்று அர்த்தம். சரியான விடையைச் சொல்லிக்கொடுக்க அவசரப்படாதீர்கள். "பாதியை விட ⅖ பெரிசா, சின்னதா?" என்று கேளுங்கள். யோசித்துச் சின்னது என்பான். "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கோம், எப்படிக் குறைஞ்சுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்த மௌனத்தில் அவன் தலைக்குள் நடப்பதுதான் படிப்பு. பிறகு ஒரு காகிதப் பட்டையை ஆறு சம பாகமாக மடித்தால், பாதி என்பது 3 பாகம், மூன்றில் ஒன்று என்பது 2 பாகம், சேர்த்தால் 5 பாகம், அதாவது ⅚ என்று கண்ணால் பார்த்துவிடுவான்.

இந்த ஒரு ஓட்டையோடு 7ஆம் வகுப்பைத் தாண்டுகிற பிள்ளைக்கு விகிதம் வராது, சதவீதம் வராது, இயற்கணிதத்தில் பின்னம் வந்தால் அதே தவறு எழுத்துகளோடு திரும்ப வரும். அறிவியலில் அடர்த்தியும் வேகமும் வகுத்தலாக வரும்போது அங்கேயும் நிற்கும். நீங்கள் சொன்ன இரண்டு பாடமும் சேர்ந்து சரிந்ததற்கு இதுவோ இதைப் போன்ற வேறு ஏதோ ஒன்றோ காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தாள்களைப் பார்த்தால்தான் உறுதியாகும். சரிசெய்யும் வழி எளிது, மனசுக்குத்தான் கஷ்டம்: 5ஆம் வகுப்புப் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். தினமும் 15 நிமிடம், அந்த ஒரே தலைப்பு, பத்துக்கு ஏழெட்டு அவனால் சரியாகச் செய்ய முடிகிற கடினத்தில். நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். இந்தச் சமயத்தில் பெற்றோர் பொறுமை இழந்து "இது சின்னப் பிள்ளைங்க கணக்கு, நடக்கிற பாடத்தைப் பார்" என்று இழுத்துவிடுகிறார்கள். பல டியூஷன்களும் இதனால்தான் பலிப்பதில்லை. பள்ளியில் நடந்த அதே பாடத்தை அதே வேகத்தில் இன்னொரு முறை நடத்துகிறார்கள். டியூஷன் ஆசிரியரிடம் "இவன் எந்த வகுப்புப் பாடத்தில் நிற்கிறான்?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அந்த மாலை நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

உட்கார்ந்து படித்தும் மார்க் வரவில்லை என்பது இன்னொரு புகார். அவன் எப்படிப் படிக்கிறான் என்று ஒரு நாள் பாருங்கள். பெரும்பாலும் திரும்பத் திரும்ப வாசிப்பது, அடிக்கோடு இடுவது, விடையைப் பார்த்து எழுதுவது. வாசிக்க வாசிக்கத் தெரிந்தது போலவே இருக்கும், தேர்வில் வராது. ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்த கல்லூரி மாணவர்கள், ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிய மாணவர்களை 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: இரண்டு முறை படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம். பள்ளிப் பிள்ளைகளிடமும் இது திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. கற்றல் ஆய்வில் இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை அதிகம் இல்லை. வீட்டில் செய்வது இப்படி: ஒரு பாடப்பகுதியை ஒரு முறை கவனமாக வாசித்து, புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் 5 நிமிடம் நினைவில் வந்ததை எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் அவனே சேர்க்கட்டும். அதையே இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் ஒரு முறை. முதல் சில நாள் தாள் பாதி காலியாக இருக்கும், "எனக்கு ஒண்ணும் வரலை" என்று எரிச்சல்படுவான். அந்தச் சிரமம் பயனுள்ள சிரமம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் விட்டுவிடுவான்.

வீட்டுப்பாடத்தில் உதவுவதா வேண்டாமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நடுநிலை வகுப்புகளில் பெற்றோர் உட்கார்ந்து ஹோம்வொர்க் சொல்லித்தருவது குறைந்த மதிப்பெண்ணோடு சேர்ந்தே காணப்படுகிறது. ஆனால் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்குத்தானே பெற்றோர் உதவ உட்காருகிறார்கள்? எது காரணம், எது விளைவு என்று அதிலிருந்து மட்டும் சொல்லிவிட முடியாது. இதைவிடத் தெளிவான ஒன்று உண்டு. 2015இல் மலோனியும் அவர் குழுவினரும் 1, 2ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்தது: கணக்கு என்றாலே பதற்றப்படும் பெற்றோர் அடிக்கடி ஹோம்வொர்க்கில் உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த வருடம் கணக்கு குறைவாகக் கற்றார்கள், அவர்களுக்கும் பயம் கூடியது. அதே பதற்றம் உள்ள பெற்றோர் அதிகம் உதவாத வீடுகளில் அப்படி இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் யாருக்குக் கணக்கென்றால் குரல் உயர்கிறதோ, அவர் அந்த நேரத்தில் வேறு அறையில் இருப்பதே பெரிய உதவி. உட்காருகிறவர் பென்சிலைத் தொடக் கூடாது. மாட்டிக்கொண்டால் கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். என்ன கேட்டிருக்கிறார்கள் என்று அவன் வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். எண்களைச் சிறியதாக்கி அதே கணக்கைப் போடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகியும் நகரவில்லையா, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகட்டும், மறுநாள் ஆசிரியரிடம் அவனே கேட்கட்டும். முழுசாகச் சரியாக முடித்த ஹோம்வொர்க்கை நீங்கள் அனுப்பினால், அவனுக்குப் புரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியவே தெரியாது.

பொறுப்பை அவன் கையில் கொடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரே நாளில் "இனி உன் பாடு, நான் கேட்க மாட்டேன்" என்று விடுவது கைவிடுவதாகவே அவனுக்குப் படும். அடுத்த தேர்வில் மார்க் விழும், இரண்டே வாரத்தில் பெற்றோர் பயந்து மொத்தத்தையும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சுதந்திரம் என்றால் தோற்கக் காத்திருக்கும் பொறி என்று பையன் கற்றுக்கொள்வான். அதனால் அவன் ஓரளவு சமாளிக்கிற ஒரு பாடத்தில் மட்டும் தொடங்குங்கள், கணக்கு வேண்டாம். அந்தப் பாடத்தை என்றைக்கு, எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து, எந்த வரிசையில் படிப்பது என்பது அவன் முடிவு. படிப்பதா வேண்டாமா என்பது அவன் முடிவல்ல. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திட்டம் "நல்லாப் படிப்பேன்" என்று இருந்தால் பலிக்காது. "விளையாடிவிட்டு வந்து முகம் கழுவினதும், மேசையில் உட்கார்ந்து, வரலாற்றில் இரண்டு பக்கம்" என்று நேரமும் இடமும் செயலும் சேர்ந்து இருக்க வேண்டும். எப்போது, எங்கே என்று முன்பே முடிவு செய்த வேலையை மனிதர்கள் அதிகம் முடிக்கிறார்கள் என்பதற்குப் பீட்டர் கோல்விட்சர் தொடங்கிவைத்த ஆய்வுகளில் நிறையச் சான்று இருக்கிறது. வாரத்துக்கு ஒரு நாள் 20 நிமிடம் இருவரும் உட்கார்ந்து மூன்று விஷயம் மட்டும் பேசுங்கள்: என்ன நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்த வாரம் எதை மாற்றுவது. மற்ற ஆறு நாள் அந்தப் பாடத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். திறக்கத் தோன்றும், தினமும். முதல் தேர்வில் மதிப்பெண் சற்று இறங்கினாலும் திட்டத்தைத் தொடருங்கள். இரண்டு தேர்வு தாண்டிய பிறகு அடுத்த பாடத்தைக் கொடுக்கலாம்.

சைக்கிள் விஷயத்துக்கு வருவோம். பரிசு ஆர்வத்தைக் கொன்றுவிடும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்கள், அது பாதி உண்மை. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும், வண்ணப் பேனாவில் படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலருக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்பே சொன்னார்கள். பின்னர் இஷ்டப்படி விளையாட விட்டபோது, அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்குக் குறையவில்லை. ஆக, அவனாகவே விரும்பிச் செய்கிற ஒன்றுக்கு முன்கூட்டியே விலை பேசாதீர்கள். துளியும் ஆர்வமில்லாத வேலையைத் தொடங்கிவைக்கச் சிறு பரிசு கெடுதல் அல்ல, ஆனால் மதிப்பெண்ணுக்குத் தராமல் செயலுக்குத் தாருங்கள். பொருளியலாளர் ரோலண்ட் பிரையர் நடத்திய பெரிய சோதனைகளில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்தபோது மாற்றம் தெரியவில்லை. புத்தகம் வாசிப்பதற்குக் கொடுத்தபோது வாசிப்புத் திறனில் தெரிந்தது. மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவது என்றே தெரியாத பையனுக்குச் சைக்கிள் எவ்வளவு பளபளப்பாக இருந்தும் என்ன பயன்? தினமும் அந்த வெற்றுத்தாளை எழுதியதற்கு ஏதாவது சிறிதாக, மூன்று நான்கு வாரம், பிறகு மெல்ல நிறுத்திவிடுங்கள்.

பாராட்டு விஷயத்தில் உறுதியானதும் சந்தேகமானதும் கலந்து கிடக்கின்றன. 1998இல் உளவியலாளர்கள் முல்லரும் டுவெக்கும் செய்த சோதனைகளில், "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து வந்த கடினப் புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் துவண்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். அதிலிருந்து கிளம்பிய, திறமையை வளர்த்துக்கொள்ள முடியும் என்று நம்பவைக்கும் "வளரும் மனநிலை" பயிற்சிகளைப் பெரிய அளவில் சோதித்தபோது பலன் சிறிதாகவே இருந்தது. 2019இல் வெளியான, சுமார் 12,000 மாணவர்கள் கலந்த ஆய்வில், பின்தங்கிய மாணவர்களின் சராசரி மதிப்பெண் 0 முதல் 4.3 வரையிலான அளவுகோலில் 0.10 அளவே உயர்ந்தது. ஆகவே "முயற்சி செய்தால் முடியும்" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாம் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தவறான வழியில் மணிக்கணக்காக உழைத்துத் தோற்ற பையனிடம் "நல்லா முயற்சி பண்ணினே" என்பது அவனுக்கே பொய்யாகத் தெரியும். "மூணாவது கணக்குல முதல் வழி வரலைன்னதும் படம் போட்டுப் பார்த்தே, அதுலதான் பிடிபட்டுச்சு" என்பதுபோல, நடந்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். தேர்வுத்தாள் வந்த அன்று எதுவுமே பேசாமல் வாங்கி வைத்துவிட்டு, மறுநாள் மேலே சொன்ன மூன்று வகையாக அவனையே பிரிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைக் கேட்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

"எதுக்குப் படிக்கணும்?" என்பது பெரும்பாலும் கேள்வியே இல்லை, "எனக்கு வரலை" என்பதன் கௌரவமான வடிவம். ஓட்டை அடைபட்டதும் தானே நின்றுபோவதுண்டு. நிஜமாகவே கேட்கிறான் என்றால், எதிர்காலத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, அவனுக்குப் பிடித்த ஒன்றில் இந்தப் பாடம் எங்கே வருகிறது என்று பேசுவது பலன் தரும். ஹராக்கிவிச் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கணிதமும் அறிவியலும் அன்றாட வாழ்வில் எங்கே பயன்படுகின்றன என்ற தகவலைப் பெற்றோரிடம் கொடுத்ததே போதுமானதாக இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடங்களில் அந்தப் பாடங்களைக் கூடுதலாகத் தேர்ந்தெடுத்தார்கள். கிரிக்கெட் பிடிக்கும் என்றால் ஓட்ட விகிதமே ஒரு பின்னம்தான். எதிர்பார்ப்பு வைப்பதும் நல்லதே, ஆனால் அளவு உண்டு. முரயாமா குழுவினர் 2016இல் வெளியிட்ட நெடுநாள் ஆய்வில், பிள்ளையால் எட்ட முடியும் என்று தாங்களே நம்புவதைவிட அதிகமாக ஆசைப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள் கணக்கில் பின்தங்கினார்கள்.

தூக்கத்தை யாரும் படிப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. பருவம் வரும்போது உடல் கடிகாரம் பின்னால் நகர்கிறது, தூக்கம் தாமதமாக வரும். விடியற்காலையில் எழுப்பிப் படிக்கவைப்பது இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு நஷ்டக் கணக்கு. போனை முழுசாகப் பிடுங்குவதைவிட, இரவு வீட்டில் எல்லோருடைய போனும் படுக்கையறைக்கு வெளியே ஓரிடத்தில் சார்ஜ் ஆகட்டும், உங்களுடையதும் சேர்த்து.

மேலே சொன்னதெல்லாம் மெல்ல மெல்ல நடந்த சரிவுக்கு. சில வாரங்களுக்குள் திடீரென்று விழுந்திருந்தால், நண்பர்களை விட்டு ஒதுங்கினால், சாப்பாடும் தூக்கமும் மாறினால், பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி வந்தால், மதிப்பெண் பேச்சை நிறுத்திவிட்டு வகுப்பில் யாராவது துன்புறுத்துகிறார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற தொனியில் ஏதாவது சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

ஆசிரியரைப் பார்க்கப் போகும்போது அந்த இரண்டு விடைத்தாளையும் கையில் எடுத்துப் போங்கள், முடிந்தால் பையனையும் கூட்டிக்கொண்டு. "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "இன்னும் கவனம் வேணும்" என்ற பதில்தான் வரும். எந்தத் தலைப்பில் முதலில் நின்றான், வகுப்பில் சந்தேகம் கேட்கிறானா, யார் பக்கத்தில் உட்காருகிறான், ஒரு மாதத்துக்கு நாங்கள் வீட்டில் 5ஆம் வகுப்புப் பின்னம் செய்யப்போகிறோம், அதுவரை அவன் ஹோம்வொர்க்கில் கேள்விக்குறி போட்ட கணக்குகளைக் கொஞ்சம் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னதற்குச் சம்மதம் கிடைத்தால் மறுநாளே தொடங்கிவிடலாம்.